புத்தகச் சீட்டு: பெங்களூர்த் தமிழ் வாசகர்களின் கொள்கைப் பிரகடனம்

ஜாலஹள்ளியில் குடியிருக்கும் எங்கள் அக்கா ஒருவரின் கட்டிலுக்கடியில் 184 புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நாவலின் பிரதிகள், அக்கா எழுதியது. அவருடைய தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள் அவை. வளிமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தை மனிதர்கள் முதன்முதலில் கண்ட இடங்களில் அந்தத் தங்கவயலும் ஒன்று, ஆண்டு 1965. அந்த இருட்டில் பாறைமீது காதை வைத்த தொழிலாளிகளுக்கு, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளின் பேச்சு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அக்காவின் கதை.

அச்சிட்டது 300. விருது ஒன்று கிடைத்தது. மதிப்புரைகள் மூன்று வந்தன, மூன்றும் மனதாரப் பாராட்டியவை. விருது மேடையில் சால்வை போர்த்திய பெரியவர் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நாங்கள் அங்கே இருந்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் 116 பிரதிகள் போயின. அதிலும் பாதி அக்காவே கையெழுத்துப் போட்டு அன்பளிப்பாகக் கொடுத்தவை. கிடங்கில் இடமில்லை என்று பதிப்பகத்தார் மிச்சத்தைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். லாரி ஆபீஸிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து மூன்றாவது மாடிக்குத் தூக்கியது எங்களில் நான்கு பேர். பாரம் கையில் மட்டும் இருக்கவில்லை. இந்தப் பிரகடனம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நாங்கள் பெங்களூரில் வாழும் தமிழ் வாசகர்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் தலைமுறைகளாக இருப்பவர்கள் எங்களில் உண்டு. கணினி வேலைக்கு நேற்று வந்து இறங்கியவர்களும் உண்டு. 2001ல் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, மாரிகுப்பத்திலிருந்து விடியலில் ரயிலேறி இங்கே வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறவர்களும் உண்டு. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரே விஷயம்: இல்லாத உலகங்களைப் பற்றிய கதைகள் மேல் தீராத பிரியம். மாயம் நிறைந்ததை மிகுபுனைவு என்றும் அறிவியல் சார்ந்ததை அறிபுனை என்றும் விமரிசகர்கள் பிரிப்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பாராட்டுப் பெற்ற அறிபுனை நாவல் ஏன் விற்பதில்லை என்று கேட்டால் கைவசம் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. தமிழர்கள் படிப்பதில்லை. இந்த வகை நம் மண்ணுக்கு அந்நியம். நல்ல எழுத்து எப்போதுமே விற்காது. மூன்றையும் நாங்கள் மறுக்கிறோம்.

பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் திருவிழாக் கடைகளில் வாங்கிப் போனவர்கள் யார்? கூடுவிட்டுக் கூடு பாய்வதும் பேசும் பதுமைகளும் முருங்கை மரத்து வேதாளமும் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் படிக்க, திண்ணை முழுக்க உட்கார்ந்து கேட்டது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா, அரக்கர்களையும் மாயத் தீவுகளையும் மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. தோளில் பிணத்தோடு வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படம், கதையே படிக்காதவர்களுக்கும் நினைவிருக்கிறது. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் மிதக்கும் மனிதனை எந்தப் பையனும் விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொண்டான். பாரதி ஞானரதம் ஏறி வேறு உலகங்களுக்குப் போய் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வகை நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்கள் தங்கள் பாட்டியிடம் ஒரு ராத்திரிகூடக் கதை கேட்டிருக்க மாட்டார்கள்.

நல்ல எழுத்து விற்காது என்பதற்குப் பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஸ். ரங்கராஜன் என்ற பெயரில் வேலைக்குப் போய், வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்காற்றிய பொறியாளர்தான், சுஜாதா என்ற பெயரில் 1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’வை எழுதினார். எதிர்கால சர்வாதிகாரம், மனிதரைக் கணக்கெடுத்து ஆளும் அரசு, ஜீனோ என்ற இயந்திர நாய். கணினியை நேரில் பார்த்தே இராத மதுரை அத்தைகளும் திருநெல்வேலி மாமாக்களும் அடுத்த வாரம் ஜீனோ என்ன சொல்லும் என்று காத்திருந்தார்கள். பிறகு அது தூர்தர்ஷனில் வந்தது, ‘மீண்டும் ஜீனோ’வும் வந்தது. இன்றைக்கும் புத்தகக் காட்சியில் அந்த இரண்டையும் தேடி வருகிற இளைஞர்களை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம்.

அப்படியானால் அக்காவின் நாவலுக்கு நடந்தது என்ன? இதைத்தான் ஒரு வருடம் பேசினோம். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோம். பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் நின்று 2009ல் திறக்கப்பட்ட சிலை அது. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இந்த இயக்கம் முழுவதும் அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

புது உலகம் ஒன்றைக் கட்டும் நாவலுக்குள் நுழைய இரண்டு வேண்டும்: கால அவகாசம், துணை. இரண்டையும் ஒரு காலத்தில் தொடர்கதை கொடுத்தது. தொடர்கதை போனபோது இரண்டும் சேர்ந்து போயின. அந்த இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை.

குடும்பக் கதை ஒன்றைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே நமக்கு வீடு தெரியும், மாமியார் தெரியும், காபி வாசனை தெரியும். அறிபுனை நாவலில் அப்படி எதுவும் கையில் இருக்காது. அங்கே ஆட்சி எப்படி, சாவு எப்படி, எதற்குச் சிரிப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள் என்று எல்லாவற்றையும் வாசகர் முதலிலிருந்து கற்க வேண்டும். முதல் ஐம்பது பக்கம் புது ஊரில் வழி தெரியாமல் அலைவது போலத்தான். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் முதல்முறையாக இறங்கிய நாள், எங்களில் வெளியூரிலிருந்து வந்த எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பலகையெல்லாம் படிக்கத் தெரியாத எழுத்தில். யாரோ ஒருவர் தமிழ் முகம் பார்த்து, ‘எங்கே போகணும்?’ என்று கேட்டார். அந்த ஒருவர் இல்லாதிருந்தால் எங்களில் சிலர் அன்றிரவே ஊருக்குத் திரும்பியிருப்போம். ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைக்கப்படும் நாவல்களுக்கு நேர்வது இதுதான். வாசகருக்கு அறிவு போதவில்லை என்பதும் இல்லை, நாவலில் குறை என்பதும் இல்லை. கேட்க ஆள் இல்லை.

‘பொன்னியின் செல்வ’னை யோசித்துப் பாருங்கள். ஐந்து பாகம், எண்ணி மாளாத பாத்திரங்கள், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நாடு. சோழ நாடு என்ற பெயர் நிஜம் என்றாலும், கல்கி அதைக் கட்டி எழுப்பிய விதம் மிகுபுனைவு எழுத்தாளர் ஒருவர் உலகம் கட்டும் விதமேதான். யாராவது அதைக் கடினம் என்றார்களா? 1950 முதல் 1954 வரை வாரம் ஒரு முறை, மணியத்தின் ஓவியத்தோடு வந்தது. வாரம் சில பக்கம்தான். படித்ததை அசை போட ஏழு நாள். நந்தினி யார், பூங்குழலி என்ன ஆவாள் என்று தெருக் குழாயடியில் பேச்சு. ஒரு வாரம் தவறவிட்டவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதை சொன்னார். வாரப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். நான்கு வருடம் ஒரு ஊரில் வாழ்ந்தவருக்கு அந்த ஊர் எப்படி அந்நியமாகும்? அதே நாவலை இன்றைக்கு அறிமுகமில்லாத ஒருவர் எழுதி, ஐந்து பாகத்தையும் ஒரே பெட்டியில் வைத்து, ஜனவரி முதல் வாரத்தில் சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியிட்டிருந்தால் அதில் எத்தனை பிரதிகள் யாருடைய கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்திருக்கும்?

உலகம் முழுக்க இதே கதைதான். ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதிய ‘டியூன்’ இன்று தெரியாதவர் இல்லை. முதலில் அதுவும் ஒரு இதழில் தொடராகத்தான் வந்தது. தொடரைப் படித்து மனதைப் பறிகொடுத்தவர்களில் ஸ்டெர்லிங் லேனியர் என்ற பதிப்பாசிரியரும் ஒருவர். அவர் வேலை பார்த்தது சில்ட்டன் என்ற நிறுவனத்தில்; கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. ஏறக்குறைய இருபது பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய நாவலை 1965ல் அவர்தான் புத்தகமாக்கினார். நெபுலா விருதின் முதல் ஆண்டிலேயே அது வென்றது, ஹ்யூகோ விருதும் வந்தது. விற்பனையோ மந்தம். லேனியருக்கு வேலை போயிற்று. படித்தவர் படிக்காதவரிடம் சொல்லி, கல்லூரி விடுதிகளில் கைமாறி, சில ஆண்டுகள் கழித்துத்தான் அது நாம் அறிந்த ‘டியூன்’ ஆனது. விருது கிடைத்த வருடம் அதைக் காப்பாற்றவில்லை, விருதுக்குப் பிந்தைய பொறுமையான வருடங்கள்தான் காப்பாற்றின. லேனியரின் பெயரை இந்தப் பிரகடனத்தில் நன்றியோடு எழுதுகிறோம்.

டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ 1954ல் அச்சுக்குப் போனபோது, ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் ரேய்னர் அன்வின் துணிந்து இறங்கினார். பத்து வயதில், ‘ஹாபிட்’ கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அப்பாவிடம் குறிப்பெழுதிக் கொடுத்த அதே பையன்தான் இவர். ஒரு குழந்தை வாசகர் வளர்ந்து பெரியவரான பிறகும் ஒரு எழுத்தாளருக்குத் துணை இருந்திருக்கிறார். ஹோப் மிர்லீஸ் என்ற அம்மையாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1926ல் அவர் எழுதிய ‘லட்-இன்-த-மிஸ்ட்’ 1970ல்தான் மறுபடி அச்சேறிப் பரவலாக வாசகரைத் தேடிப் போனது. 44 வருடம் காட்டில் எறித்த நிலா.

நம் பக்கமும் பார்ப்போம். இந்தப் பெங்களூரின் வருங்காலத்தை, தகுதி பார்த்து மனிதரைப் பிரித்து வைக்கும் நகரமாகக் கற்பனை செய்து, லாவண்யா லக்ஷ்மிநாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி டென் பர்சென்ட் தீஃப்’ 2024ல் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு நாவலுக்கான நெபுலா விருதைப் பெற்றவர் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர. ஒன்று எங்கள் ஊர், இன்னொன்று பாக் நீரிணைக்கு அந்தக் கரை. எங்கள் கூட்டத்தில் இவற்றைப் பற்றிக் கேட்டபோது, இரண்டையும் படித்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் விருதுச் செய்தியைப் பார்த்திருந்தோம், மகிழ்ந்திருந்தோம், அடுத்த செய்திக்குப் போயிருந்தோம். இதை வெட்கத்தோடு பதிவு செய்கிறோம். விருதுச் செய்தி ஒரு நாவல் நல்லது என்று சொல்லும். அதற்குள் எப்படிப் போவது என்று சொல்லாது. நடுவர்கள் கடைசிப் பக்கத்தைக் கடந்த பிறகு பேசுகிறார்கள். வாசகரோ முதல் பக்கத்துக்கு வெளியே நிற்கிறார். இடையில் உள்ள தூரத்தை யார் கூட நடந்து கடக்கப் போகிறார்கள்?

இன்னொரு துன்பம், அலமாரி. இலக்கிய வாசகர் இந்த நாவல்களைப் பார்த்து, விண்கலம் இருக்கிறது, சிறுவர் சமாசாரம் என்கிறார். விறுவிறுப்பு தேடி வருகிறவர், இலக்கிய நடையாக இருக்கிறதே என்று வைத்துவிடுகிறார். கடைக்காரருக்கோ எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சரித்திர நாவலுக்கு வரிசை உண்டு, துப்பறியும் கதைக்கு உண்டு, தன்னம்பிக்கை நூலுக்கு இரண்டு வரிசை உண்டு. அக்காவின் நாவலை ஒரு கடையில் கனிமவியல் புத்தகங்களுக்கு நடுவே கண்டுபிடித்தோம், அட்டையில் சுரங்கப் படம் இருந்த பாவத்துக்கு. திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் ஒரு சொர்க்கம் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் தரப்புக் குற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். வாசகர்களாகிய நாம் வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை வாங்கி வைத்துக்கொள்கிறோம். 300 பிரதி அச்சாகும் நாவலுக்கு ஐம்பது பேர் பிடிஎஃப் பார்ப்பது ஆறில் ஒரு பங்கை அறுத்து எடுப்பதற்குச் சமம். இந்த இயக்கத்தில் சேருகிறவர் எவரும் இனி பிடிஎஃப்பை வாங்குவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. மதிப்புரையாளர்கள் ‘உலகத் தரம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்து யாரும் கடைக்குப் போனதாக நாங்கள் பார்த்ததில்லை. மூன்றாவது அத்தியாயம் வரை குழப்பும், பாட்டி பாத்திரம் வந்ததும் பிடிபட்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தால் அது பத்துப் பேருக்குக் கை கொடுத்திருக்கும். எழுத்தாளர்களிடமும் உரிமையோடு சொல்கிறோம்: உலகத்தை எளிதாக்கச் சொல்லவில்லை, ஒரு துளியும் நீர்க்க வேண்டாம். ஆனால் இயற்பியல் பாடத்தை இரண்டு பாத்திரங்கள் உரையாடலாக ஒப்பிப்பது கதை ஆகாது. எடிட்டிங் இல்லாமல் அச்சுக்குப் போகும் பழக்கம் இந்த வகை நாவலை மற்ற நாவல்களைவிட அதிகமாகக் கெடுக்கிறது. குடும்பக் கதையில் ஒரு தேதி பிசகினால் வாசகர் தானே சரி செய்துகொள்வார். அறிபுனையில் ஒரு விதி பிசகினால் முழு உலகமும் சரியும்.

குறை சொல்வதற்காக நாங்கள் கூடவில்லை. என்ன செய்யப் போகிறோம் என்பதை இனிச் சொல்கிறோம்.

சீட்டு தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. எங்கள் அம்மாக்கள் சீட்டுப் போட்டுத்தான் மிக்ஸி வாங்கினார்கள், தோடு வாங்கினார்கள், எங்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். வங்கி வாசலில் நிற்கத் தயங்கியவர்கள் ஒருவரையொருவர் நம்பிப் போட்ட பணம் அது. அந்த நம்பிக்கையை நாவலுக்குக் கொண்டுவருகிறோம். ஒரு சீட்டில் 24 பேர். ஆளுக்கு மாதம் 150 ரூபாய். மூன்று மாதத்தில் 10,800 ரூபாய் சேரும். 450 ரூபாய் விலையுள்ள ஒரு நாவலில் 24 பிரதிகள் வாங்க அது சரியாக இருக்கும். விலை குறைந்தால் மிச்சம் அடுத்த சீட்டுக்கு. ஏலம் இல்லை, தள்ளு இல்லை. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் அடுத்த நாவலைத் தேர்ந்தெடுப்பார். அவர் கல்லூரி மாணவியாக இருந்தாலும் ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளராக இருந்தாலும் தேர்வில் மற்றவர் தலையிட உரிமையில்லை.

வாங்கியதை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தனியாகப் படித்து முடிப்பது எங்கள் முறை அல்ல. நாவலைப் பன்னிரண்டு தவணையாகப் பிரிப்போம். வாரம் ஒரு தவணை. ஞாயிறு மாலை கூடி, அந்த வாரத்துப் பகுதியில் ஒரு பத்துப் பக்கத்தை ஒருவர் உரக்க வாசிப்பார். பிறகு பேச்சு. புரியாததைப் புரியவில்லை என்று முதலில் சொல்பவருக்கு அந்த வாரம் மரியாதை அதிகம், ஏனென்றால் மற்றவர்களின் பூட்டையும் அவர்தான் திறக்கிறார். முன்னால் ஓடிப் படித்தவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. இதில் நாங்கள் கண்டிப்பாக இருப்போம். பதின்மூன்றாவது வாரம் எழுத்தாளரை அழைப்போம், ரயில் கட்டணம் கொடுத்து. விருந்தாளியை வெறுங்கையோடு வரவழைத்து மேடையேற்றும் வழக்கம் எங்களிடம் வேண்டாம்.

இந்த முறையை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. திண்ணையில் பெரிய எழுத்துக் கதை படித்த தாத்தாக்களிடமிருந்து வந்தது. எங்களுக்குச் சோறு போடும் இந்தக் கன்னட மண்ணிலும் இது உயிரோடு இருக்கிறது. கமகம் என்ற கலையை இங்கே பல ஊர்களில் பார்க்கலாம். குமாரவியாசர் 15ஆம் நூற்றாண்டில் எழுதிய பாரதத்தை ஒருவர் ராகத்தோடு வாசிப்பார், அருகில் ஒருவர் அமர்ந்து பொருள் விரிப்பார். இன்றைய பேச்சுக்குத் தொலைவான கன்னடம் அது. ஆனாலும் எழுத்தறியாதவர்கூட உட்கார்ந்து கேட்டுக் கண் கலங்குவார். 500 வருடத்துக் கடினமான நூல் ஒன்று ஒரு மாநிலத்தின் நினைவில் நிற்கிறதென்றால், வாசிப்பவருக்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது ஆள் உட்கார்ந்ததும் ஒரு காரணம். தமிழ் அறிபுனைக்கு அந்த இரண்டாவது ஆளாக நாங்கள் உட்காருகிறோம்.

பணத்தை எப்போது கொடுப்பது என்பதிலும் எங்களுக்குக் கொள்கை உண்டு. அச்சாகி, விற்காமல், பாதி விலைக்கு வந்தபின் வாங்குவது உதவி ஆகாது. அச்சுக்கு முன்னால் கொடுப்போம். முன்வெளியீட்டுத் திட்டம் என்பது தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் பழகிய சொல்தான். லயன், முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து இன்றும் வந்துகொண்டிருப்பது முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்களின் பலத்தில்தான்; அவர்களிடமிருந்து கற்றோம் என்று சொல்வதில் எங்களுக்குப் பெருமை. பெங்களூரில் பத்துச் சீட்டுகள் நடந்தால் 240 பிரதிகள். இன்றைக்கு ஒரு தமிழ் நாவலின் முதல் அச்சில் பெரும்பகுதி அதுவே. நூலக ஆணை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதிப்பாளர், 240 பேர் காத்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில் ஒரு புதிய எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைத் திறந்து பார்ப்பார். ஒரு எடிட்டருக்குச் சம்பளமும் கொடுப்பார் என்று நம்புகிறோம். கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.

மாரிகுப்பம் ரயிலில் ஒரு சீட்டு, ஜாலஹள்ளியில் ஒன்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒன்று என்று மூன்று இடத்தில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ரயில் சீட்டு எங்களுக்கு மிகவும் பிடித்தது. காலையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரே பெட்டியில் ஒரே முகங்கள். உரக்க வாசிக்க அதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தாரிடம் நூலகத்தில் ஒரே ஒரு அலமாரி கேட்கப் போகிறோம். 2022 டிசம்பரில் அந்த வளாகத்தில் நடந்த தமிழ்ப் புத்தகத் திருவிழாவில், கைக்குழந்தையோடு வந்து மணிக்கணக்கில் புத்தகம் பார்த்தவர்களை நாங்கள் கண்டோம். வாசகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு, இது மிகுபுனைவு, இது அறிபுனை என்று எழுதிய ஒரு பலகையும், எங்கே தொடங்குவது என்று சொல்ல ஒரு ஆளும் இருந்தால் போதும். பலகை எழுத எங்களிடம் ஓவியர் இருக்கிறார். ஆளாக ஞாயிறுதோறும் ஒருவர் முறை வைத்து நிற்போம்.

சில விஷயங்களைச் செய்ய மாட்டோம். விருது கொடுக்க மாட்டோம். அதற்கு நல்ல அமைப்புகள் இருக்கின்றன. இன்றைய எழுத்தாளரை சுஜாதாவோடு ஒப்பிட்டுக் குறைத்தோ ஏற்றியோ பேச மாட்டோம். அவரைப் போலவே எழுது என்று கேட்பது, அவர் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்யச் சொல்வது. படிக்காத நாவலைப் புகழ மாட்டோம். விண்கலமும் வேதாளமும் இருப்பதாலேயே ஒரு நாவலைத் தூக்கிப் பிடிக்க மாட்டோம். சலித்தால் சலித்தது என்று பதின்மூன்றாவது வாரம் எழுத்தாளரின் முகத்துக்கு நேராக, மரியாதையோடு சொல்வோம். 24 பேர் பன்னிரண்டு வாரம் உடனிருந்து படித்துவிட்டுச் சொல்லும் குறையை எந்த எழுத்தாளரும் அலட்சியம் செய்ய மாட்டார். அக்கா சொன்னார்: இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாராட்டு, ஒரு கேள்விகூடக் கிடைக்கவில்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை எங்களில் பலர் அலுவலகத் திரைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். இந்த ஊர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வழிநடத்தப்பட்ட சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். அழுதவர்கள் இருந்தார்கள். அன்றிரவு ஏரிக்கரையில் ஒரு தம்பி கேட்டான்: நிலவில் வாழப்போகும் ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையைப் படிக்கணும் போல இருக்கு, யாராவது எழுதியிருக்காங்களா? ஆளாளுக்குப் பெயர் சொன்னோம், சிறுகதைகள், நாவல்கள். அவன் கைபேசியில் தேடிக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்: கையிருப்பில் இல்லை. நாவல் எழுதப்படாமல் இல்லை. எழுதப்பட்டு, பாராட்டப்பட்டு, தீர்ந்தும் போகாமல், கிடைக்கவும் செய்யாமல் எங்கோ மூட்டையாகக் கிடக்கிறது. ஆகவே சீட்டு ஒவ்வொன்றும் வருடத்தில் ஒரு மூன்று மாதச் சுற்றைப் பழைய நாவலுக்கு ஒதுக்கும். எழுத்தாளரையோ வாரிசையோ தேடிப் போய், அனுமதி வாங்கி, பதிப்பாளரிடம் முன்பணம் கொடுத்து மறு அச்சு கேட்கும். மிர்லீஸ் அம்மையார் 44 வருடம் காத்திருந்தார். அவ்வளவு நாள் யாரையும் காக்க வைக்க எங்களுக்கு மனமில்லை.

இந்த இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தலைவர் இல்லை, சீட்டுப் பிடிப்பவர் மட்டும் உண்டு, அவரும் வருடத்துக்கொரு முறை மாறுவார். கணக்கு நோட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். சேர விரும்புகிறவர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் வரலாம். தமிழ் படிக்கத் தெரியாத, கேட்டால் புரியும் பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களை முதல் வரிசையில் உட்கார வைப்போம், வாசிப்பது உரக்கத்தானே.

முதல் குலுக்கல் போன ஞாயிறு நடந்தது. எவர்சில்வர் சொம்பில் 24 துண்டுச் சீட்டு. எடுத்தவள் ரயில் சீட்டுக்காரர் ஒருவரின் ஏழு வயது மகள். வந்த பெயர் அவளுடைய அப்பாவுடையது. அவர் யோசிக்கவே இல்லை, நாவலின் பெயரைச் சொல்லிவிட்டார். அவருடைய அப்பாவும் தங்கவயலில் இறங்கியவர். இரண்டு பேர் ஆட்டோ பிடித்து ஜாலஹள்ளிக்குப் போனார்கள். அக்கா காசு வாங்க மறுத்தார். கொள்கை என்று சொல்லி, கையில் திணித்துவிட்டு வந்தார்கள். கட்டிலுக்கடியில் இப்போது 160 இருக்கின்றன.